பிக்கப் மாற்றிய பின் கிற்றாரின் தொனி ஏன் கெடுகிறது?

புதிய பிக்கப் பொருத்திய எலெக்ட்ரிக் கிற்றாரை முதல் தடவை மீட்டும்போது பலருக்கு மனம் கசந்து விடுகிறது. கனமாகவும் தெளிவாகவும் ஒலிக்கும் என்று நம்பி வாங்கியது மங்கலாக ஒலிக்கிறது. சிலருக்கு அடித்தொனி வற்றி ஒலி மெலிந்து போகிறது. இன்னும் சிலருக்குத் தந்தியைத் தொடும் முன்பே அம்பிளிபயர் உறுமத் தொடங்குகிறது. "பிக்கப் சரியில்லை" என்று உடனே தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். பெரும்பாலும் அந்தத் தீர்ப்புப் பிழையானது.

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நீளும் நமது கரையில் இந்தப் பிழை செலவும் வைக்கிறது. நல்ல பிக்கப் ஒன்று கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வர வேண்டும், அல்லது வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வரும்போது கொண்டுவர வேண்டும். அப்படி வந்த பொருளைக் கெட்டது என்று ஒதுக்கி விட்டு இன்னொன்றுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், ஒரு மல்டிமீற்றரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டு விடும். அதற்குத் தேவையான பௌதிகவியல் நமது உயர்தர வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது.

கிழக்கிலங்கைக்குக் கிற்றார் புதிதல்ல. மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பறங்கியரின் கப்ரிஞ்ஞா இசையில் வயலினோடு கிற்றாரும் சேர்ந்தே ஒலித்து வந்திருக்கிறது. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய தமிழ்ப் பொப் பாடல்கள் நாடெங்கும் பரவியபோது, கிற்றாரின் தாளம் தமிழ்க் காதுகளுக்கு நன்கு பழகி விட்டது. இன்று அறுகம்பையின் கடற்கரை விடுதிகளிலும் அது கேட்கிறது. வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். கருவியின் உள்ளே நடப்பதைச் சொல்லும் தமிழ் எழுத்துத்தான் குறைவு.

தந்தி, காந்தம், சுருள்

1831 இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே பிக்கப்பின் அடிப்படை. ஒரு சுருளுக்குள் செல்லும் காந்தப் பாயம் மாறினால் அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். பிக்கப்பில் காந்தமும் சுருளும் அசையாமல் இருக்கின்றன. அசைவது உருக்குத் தந்தி. காந்தத்தின் அருகில் இருப்பதால் தந்தியும் காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளுக்குள் உள்ள பாயம் கூடிக் குறைகிறது, அதே வேகத்தில் ஒரு சிறிய மாறுமின்னழுத்தம் பிறக்கிறது. அம்பிளிபயர் அதைப் பெருக்கிக் காட்டுகிறது.

அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷம்ப் 1930களின் தொடக்கத்தில் இந்த முறையில் ஒரு கிற்றாரை உருவாக்கினார். அதற்கான காப்புரிமை 1937 இல் கிடைத்தது. 1954 இல் வெளிவந்த பெண்டர் ஸ்ட்ரற்றோகாஸ்ரரில் மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இருந்தன. 1955 இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கருக்குக் காப்புரிமை கோரினார். 1959 இல் அது வழங்கப்பட்டது. இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைகளின் வழித்தோன்றல்களே.

ஸ்ட்ரற்றோகாஸ்ரர் வகைப் பிக்கப்பில் ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக்கம்பி 8,000 சுற்றுக்கு அண்மையாகச் சுற்றப்பட்டிருக்கும். அதன் தடை பொதுவாக 6,000 ஓம் அளவில் இருக்கும். பழைய பாணி ஹம்பக்கரில் ஒவ்வொரு சுருளிலும் 5,000 சுற்றளவில் இருக்கும். இரண்டும் தொடராக இணைந்து 8,000 ஓம் அளவைக் காட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செப்பின் தடை வெப்பத்தோடு கூடும்: ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம். 20 பாகையில் 6,000 ஓம் இருக்கும் சுருள், கல்முனையின் 32 பாகை வெயிலில் 6,280 ஓம் அளவில் காட்டும். பெட்டியில் அச்சிட்ட எண்ணும் உங்கள் மீற்றரின் எண்ணும் இந்த அளவுக்கு வேறுபட்டால் அது பழுதல்ல.

தந்தியையும் கவனிக்க வேண்டும். அக்கூஸ்டிக் கிற்றாருக்குரிய வெண்கலத் தந்தியை எலெக்ட்ரிக்கில் போட்டால், மேலே சுற்றியிருக்கும் வெண்கலம் காந்தத்துக்கு மசியாது. உள்ளேயிருக்கும் உருக்கு நரம்பு மட்டுமே வேலை செய்யும். சுற்றுள்ள தடித்த தந்திகள் அடங்கியும், சுற்றில்லாத மெல்லிய தந்திகள் துருத்தியும் ஒலிக்கும். பிக்கப் மாற்றும் நாளில் கையில் கிடைத்த தந்தியைப் போட்டு விட்டுப் பிக்கப்பைக் குறை சொல்வது இதனால்தான் நேர்கிறது.

பிக்கப்பைச் சரியாகப் பயன்படுத்தினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குத் தமிழ் இசையுலகு அறிந்த சான்று மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014). சாதாரண மாண்டலினில் சுரம் மீட்டிய உடனே தேய்ந்து விடும்; கமகத்துக்கு நேரம் போதாது. எலெக்ட்ரிக் மாண்டலினில் தேயும் ஒலியையும் பெருக்கிக் கேட்க முடிகிறது. அந்தச் சிறு கருவியில் அவர் கர்நாடக இசையின் நீண்ட இழைவுகளைக் கேட்கச் செய்தார்.

மங்கல் எங்கிருந்து வருகிறது?

பிக்கப் தனியாக ஒலிப்பதில்லை. அது ஒரு மின்சுற்றின் பாதி. வொலியூம், டோன் பொட்டுகள் (குமிழ்களின் அடியிலுள்ள மாறுதடைகள்), கேபிள், அம்பிளிபயரின் உள்ளீடு ஆகியவை மறுபாதி. புதிய பிக்கப் போடுகிறவர் ஒரு பாதியை மாற்றி விட்டு மற்றப் பாதியை அப்படியே விட்டு விடுகிறார். தொனிச் சிக்கல்களில் பெரும்பங்கு அந்தப் பொருத்தமின்மையிலிருந்தே வருகிறது.

ஆயிரக்கணக்கான சுற்றுகள் உள்ள சுருளுக்குத் தூண்டுதிறன் அதிகம். ஸ்ட்ரற்றோகாஸ்ரர் வகைக்கு ஏறத்தாழ 2.4 ஹென்றி, ஹம்பக்கருக்கு 4 முதல் 5 ஹென்றி. கேபிளுக்குள் நடுக்கம்பியும் அதைச் சூழ்ந்த வலையும் சேர்ந்து ஒரு கொள்ளளவியாகின்றன. மீற்றருக்கு 100 பிக்கோபரட் அளவு என்று கொள்ளலாம். தூண்டுதிறனும் கொள்ளளவமும் சேரும் இடத்தில் பரிவு உண்டாகும். ஊஞ்சலை அதன் சொந்த வேகத்துக்கு ஒத்துத் தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரப் போவது போல, இந்தச் சுற்றும் ஒரு குறிப்பிட்ட மீடிறனை மட்டும் தூக்கிக் காட்டும். அதற்கு மேலுள்ளவற்றை வேகமாகத் தணிக்கும். ஒரு கிற்றாரின் குணம் பெரும்பாலும் அந்த மேடு எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம் என்பதில்தான் இருக்கிறது.

உயர்தர வகுப்பில் படித்த பரிவு மீடிறன் சமன்பாட்டில் எண்களை இட்டுப் பார்க்கலாம். 2.4 ஹென்றிச் சுருள், 5 மீற்றர்க் கேபிள், சுருளின் சொந்தக் கொள்ளளவம் சேர்த்து 600 பிக்கோபரட்: மேடு 4,200 ஹேர்ட்ஸ் அளவில் நிற்கும். மனிதச் செவி மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை. ஆகவே இந்த ஒலி பளிச்சென்று கேட்கும். அதே கேபிளில் 4.5 ஹென்றி ஹம்பக்கரைப் பொருத்தினால் மேடு 3,060 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். ஒலி தடித்து, கூர்மை குறையும். இது ஹம்பக்கரின் இயல்பு. கோளாறு என்று எண்ணக் கூடாது.

இப்போது கேபிளை மட்டும் மாற்றுங்கள். ஸ்ட்ரற்றோகாஸ்ரரில் 5 மீற்றருக்குப் பதிலாக 10 மீற்றர்க் கேபிள் போட்டால் மேடு 3,100 ஹேர்ட்ஸுக்கு வந்து விடும். பிக்கப்பைத் தொடாமலே அதன் கூர்மை ஹம்பக்கர் அளவுக்கு இறங்கி விடுகிறது. வீட்டில் குட்டைக் கேபிளில் கேட்டு மகிழ்ந்த தொனி, மேடையில் நீண்ட கேபிளில் காணாமல் போவதன் காரணம் இதுவே. பழைய பிக்கப்பையும் புதியதையும் ஒப்பிடுகிறவர் இரண்டுக்கும் ஒரே கேபிளைப் பயன்படுத்தாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

பொட்டின் பெறுமானம்

மேடு எங்கே நிற்கும் என்பதைச் சுருளும் கேபிளும் தீர்மானிக்கின்றன. அதன் உயரத்தைத் தீர்மானிப்பவை பொட்டுகள். ஊஞ்சலில் உராய்வு செய்யும் வேலையைச் சுற்றில் அவை செய்கின்றன. பெறுமானம் குறையக் குறைய மேடு தேய்ந்து சமதரையாகி விடும். அதனால்தான் ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோஓம் என்ற வழக்கம் வந்தது. ஒற்றைச் சுருள் இயல்பாகவே கூர்மையானது, சற்றுத் தணிக்க வேண்டும். ஹம்பக்கர் மங்கலை நோக்கிச் சாயும், அதன் மேட்டைக் காப்பாற்ற வேண்டும்.

ஸ்ட்ரற்றோகாஸ்ரர் வகைக் கிற்றாரில் தந்திகள் தங்கும் பாலத்தருகே ஹம்பக்கர் போடுகிறவர்கள் பழைய 250 கிலோஓம் பொட்டுகளை அப்படியே விட்டு விடுவது வழக்கம். விளைவு மங்கல். மறுபக்கம், 500 கிலோஓம் பொட்டுள்ள கிற்றாரில் ஒற்றைச் சுருள் போட்டால் காதைக் குத்தும்.

இவற்றை விடக் கொடியது 25 கிலோஓம் பொட்டு. மின்கலத்தில் இயங்கும் 'அக்டிவ்' பிக்கப்புகளுக்கு அந்தப் பெறுமானம் உரியது. அப்படிப்பட்ட கிற்றாரிலிருந்து அக்டிவ் பிக்கப்பைக் கழற்றிச் சாதாரணப் பிக்கப்பைப் பொருத்தி, பொட்டுகளை மாற்றாமல் விட்டால், ஆயிரம் ஹேர்ட்ஸை எட்டும் முன்பே ஒலி தேயத் தொடங்கும். எவ்வளவு விலையுயர்ந்த பிக்கப்பும் அங்கே போர்வைக்குள் இருந்து ஒலிக்கும்.

பொட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 20 சதவீதம் கூடிக் குறைவது சாதாரணம். 250 என்று எழுதியது 200 ஆகவும் இருக்கலாம், 300 ஆகவும் இருக்கலாம். வயரைக் கழற்றி விட்டு இரு ஓரக் கால்களுக்கிடையே மீற்றரை வைத்தால் உண்மை தெரியும். மங்கலுக்குப் பொட்டுத்தான் காரணமா என்று அறிய இன்னும் இலகுவான வழி, டோன் பொட்டுக்குச் செல்லும் ஒரு வயரைத் தற்காலிகமாகக் கழற்றி விடுவது. ஒலி உடனே தெளிந்தால் குற்றவாளி பிக்கப் அல்ல.

மெலிந்த ஒலி

பிக்கப் ஒவ்வொன்றும் தனியே நன்றாக ஒலிக்கிறது. இரண்டையும் சேர்த்தால் மட்டும் அடித்தொனி வற்றி, அளவும் குறைகிறது. இது எதிர் அவத்தையின் அடையாளம். ஒரு பிக்கப்பின் மின்னழுத்தம் மேலேறும் கணத்தில் மற்றதன் அழுத்தம் கீழிறங்குகிறது. தடித்த தொனிகள் இரண்டு பிக்கப்புகளிலும் ஏறத்தாழ ஒரேயளவு இருப்பதால் ஒன்றையொன்று அழிக்கின்றன. எஞ்சுவது உயர்ந்த தொனிகளின் மிச்சம். சுருள் சுற்றிய திசையும் காந்தத்தின் முனையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பழைய பிக்கப்புகளோடு வேறு நிறுவனத்தின் பிக்கப் ஒன்றைச் சேர்க்கும்போது இது அடிக்கடி நேர்கிறது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. முள்ளுள்ள பழைய மீற்றரைப் பிக்கப்பின் இரு வயர்களோடும் இணையுங்கள். ஸ்குரூ டிரைவரின் உருக்கு முனையைப் பிக்கப்பின் மேல் வைத்துச் சட்டென்று எடுங்கள். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். மற்றப் பிக்கப்பிலும் அதையே செய்யுங்கள். முள் எதிர்ப்பக்கம் துள்ளினால், ஒன்றின் இரு வயர்களையும் இடம் மாற்றினால் போதும். ஆனால் பிக்கப்பின் உலோக மூடியோ அடித்தகடோ ஒரு வயரோடு இணைந்திருந்தால், முதலில் அந்த இணைப்பைப் பிரித்து மூடிக்குத் தனி எர்த் வயர் கொடுக்க வேண்டும். தவறினால் மூடியைத் தொடும்போதெல்லாம் இரைச்சல் எழும். பழைய பாணி ஒற்றைச் சுருளில் காந்தக் குச்சியைத் தள்ளித் திருப்ப முயலவே வேண்டாம். கம்பி அதன் மேலேயே சுற்றப்பட்டிருப்பதால் அறுந்து விடும்.

தனியே ஒலிக்கும்போதும் ஹம்பக்கர் மெலிந்திருந்தால், வயரின் நிறங்களைச் சந்தேகியுங்கள். நான்கு வயர் ஹம்பக்கர்களுக்கு உலகப் பொது நிறமுறை கிடையாது. சீமோர் டங்கன் நிறுவனத்தின் பிக்கப்பில் கறுப்பு வெளியீடு. வெள்ளையும் சிவப்பும் ஒன்றாகச் சேரும். பச்சை எர்த்துக்குப் போகும். டிமார்சியோ நிறுவனத்தின் பிக்கப்பில் சிவப்பு வெளியீடு, கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சை எர்த். டிமார்சியோவை டங்கனின் படத்தைப் பார்த்து இணைத்தால் ஒரு சுருள் மட்டும் தலைகீழாகி விடும். அப்போது இரு சுருள்களிலும் பிறக்கும் தந்தியின் ஒலி ஒன்றையொன்று அழிக்கும். அழிய வேண்டிய இரைச்சலோ இரண்டு மடங்காகச் சேரும். இந்தப் பிழையை ஓம் மீற்றர் காட்டிக் கொடுக்காது. சுருள் எந்தத் திசையில் இணைந்திருந்தாலும் தடை ஒன்றுதான். மெலிவும் கூடுதலான உறுமலும் சேர்ந்து வந்தால் இதையே முதலில் நினைக்க வேண்டும்.

ஓம் மீற்றர் காட்டிக் கொடுக்கும் பிழைகளும் உண்டு. கேபிளைக் கிற்றாரில் செருகி, வொலியூமை முழுதாகத் திறந்து, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே அளந்தால் கிற்றாரைத் திறக்காமலே பாதிச் செய்தி கிடைத்து விடும். 8,000 ஓம் ஹம்பக்கர் 4,000 காட்டினால் ஒரு சுருள் மட்டுமே வேலை செய்கிறது. சேர்த்துக் கட்டிய இரு வயர்களின் முடிச்சு எங்கோ எர்த்தைத் தொட்டுக் கொண்டிருக்கலாம். 2,000 காட்டினால் சுருள்கள் சமாந்தரமாக இணைந்திருக்கின்றன. பூச்சியத்துக்கு அருகில் நின்றால் குறுஞ்சுற்று. 250 அல்லது 500 கிலோஓம் அளவில் நின்றால் மீற்றர் காண்பது பொட்டை மட்டுமே; பிக்கப்பின் வயர் எங்கோ விடுபட்டிருக்கிறது.

உறுமலும் அதன் சுரமும்

இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் வயர்களும் நிலைமாற்றிகளும் 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்தைப் பரப்புகின்றன. மாறுமின்னை நேர்மின்னாக்கும் திருத்திகள் அதை 100 ஹேர்ட்ஸாகவும் அதன் மடங்குகளாகவும் கலக்கின்றன. கிற்றாரின் தடித்த ஈ தந்தியில் மூன்றாவது கட்டையில் பிறக்கும் ஜி சுரத்தின் மீடிறன் 98 ஹேர்ட்ஸ். ஆகவே நமது நாட்டில் கிற்றாரின் உறுமல் ஜி சுரத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அந்தச் சுரத்தை நீட்டிப் பிடித்தால் உறுமலோடு மோதி விநாடிக்கு இரண்டு தடவை அலைவதைக் கேட்கலாம். 60 ஹேர்ட்ஸ் வழங்கும் அமெரிக்காவில் அது வேறு சுரத்தருகே போய் விடும்.

ஒற்றைச் சுருளுக்கு உறுமல் பிறவிக்குணம். சேத் லவர் இரண்டாவது சுருளைச் சேர்த்ததே அதைத் தவிர்க்கத்தான். எதிர்த்திசையில் சுற்றி, எதிர்முனைக் காந்தம் வைத்த இரு சுருள்களில் வெளிப்புலத்தின் இரைச்சல் அழிகிறது, தந்தியின் ஒலி கூடுகிறது. ஆகவே ஹம்பக்கரைக் கழற்றி ஒற்றைச் சுருள் போட்டவர் உறுமலைக் கேட்டால் அதில் புதுமையில்லை. இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் உறுமல் குறைந்தால் அது காந்தப்புலத்திலிருந்து வருவது; நிலைமாற்றியிலிருந்து விலகி உட்கார்வதே மருந்து. கூர்மையான ரீங்காரமாகக் கேட்டால், மலிவான எல்ஈடி விளக்குகளையும் மின்விசிறியின் வேகச் சீராக்கியையும் நிறுத்திப் பாருங்கள்.

தொடுகை இன்னொரு சாட்சி. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் இணைப்புச் சரி. தந்தியைத் தொட்டும் மாறாமல், கேபிள் செருகும் ஜக்கின் உலோகத்தைத் தொடும்போது மட்டும் குறைந்தால் பாலத்துக்குச் செல்லும் எர்த் வயர் விடுபட்டிருக்கிறது. தொட்டதும் இரைச்சல் கூடினால் ஜக்கில் இரு வயர்களும் இடம் மாறியிருக்கலாம். பிக்கப்பை மாற்றும் அவசரத்தில் பாலத்தின் வயரை இழுத்து அறுத்து விடுவது எளிது. முதலில் அங்கே பாருங்கள்.

உயரமும் உப்பும்

எல்லா இணைப்பும் சரியாக இருந்தும் ஒலி பிடிக்காவிட்டால் பிக்கப்பின் உயரத்தைத் திருத்துங்கள். கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திப் பிடித்துக் கொண்டு, தந்தியின் அடிக்கும் காந்த முனைக்கும் இடையே அளக்க வேண்டும். ஸ்ட்ரற்றோகாஸ்ரர் வகைக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீற்றரும் மெல்லிய பக்கம் 2 மில்லிமீற்றரும் நல்ல தொடக்கம். மிக அருகே போனால் காந்தம் தந்தியை இழுத்து அதன் அதிர்வைக் குலைக்கும். மேல் கட்டைகளில் சுரம் சேராமல் அலையும். மிகத் தாழ்ந்தால் ஒலி அடங்கிப் போகும். அரை மில்லிமீற்றர் மாற்றம்கூடக் காதுக்குத் தெரியும். இந்தத் திருத்தத்துக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் போதும், ஒரு சதமும் செலவில்லை.

கடலோரத்துக்கு உரிய காரணம் ஒன்றும் உண்டு. வாடைக் காற்று உப்பீரத்தைக் கொண்டுவரும் மாதங்களில் ஜக்கின் தகடும் தெரிவு ஆளியின் தொடுமுனைகளும் பச்சை பூக்கும். கிற்றாரைத் திறந்து மூடிய பின் திடீரென்று ஒலி விட்டு விட்டு வந்தால், பழைய தொடுமுனைகளின் களிம்பு கலைந்திருக்கலாம். மின்தொடுமுனைகளுக்குரிய துப்புரவுத் திரவத்தை இட்டு, பொட்டுகளையும் ஆளியையும் பல முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். பாத்திரம் துலக்கும் கம்பிப்பஞ்சு மட்டும் வேண்டாம். உதிரும் உருக்குத் தூள் காந்தத்தில் ஒட்டிக் கொண்டு போகாது.

சோல்டர் இணைப்பும் அடிக்கடி ஏமாற்றும். பொட்டின் முதுகு பெரிய உலோகப் பரப்பாதலால் வெப்பத்தை விழுங்கும். சிறிய அயனால் அவசரமாக வைத்த சோல்டர் மேலே ஒட்டியது போல இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. பரப்பைச் சுரண்டி, அங்கே தனியே கொஞ்சம் சோல்டரை உருக்கிப் படிய விட்ட பின் வயரை வையுங்கள். சோல்டர் உறையும் வரை வயர் அசையக் கூடாது. நீர்க்குழாய்க்குப் பயன்படும் அமிலப் பசையைத் தொடவே வேண்டாம். உப்புக் காற்றோடு சேர்ந்து அது வயரை அரித்து விடும். பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய கம்பியை ஒருபோதும் இழுக்காதீர்கள். அறுந்தால் சுருளைத் திரும்பச் சுற்றுவதைத் தவிர வழி அரிது.

எந்த வரிசையில் தேடுவது?

குழப்பத்தைக் குறைப்பது வரிசை. செலவும் சிரமமும் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

1. கேபிளையும் அம்பிளிபயரையும் வேறொரு கிற்றாரோடு சோதியுங்கள். பாதி வழக்குகள் இங்கேயே தீரக் கூடும்.
2. தந்தி நிக்கல் அல்லது உருக்குச் சுற்றுள்ளதா என்று பாருங்கள். பிறகு பிக்கப்பின் உயரத்தைத் திருத்துங்கள்.
3. பிளக்கில் மீற்றரை வைத்து, ஆளியின் ஒவ்வொரு நிலையிலும் தடையைக் குறித்துக் கொள்ளுங்கள்.
4. ஒலியைத் தாழ்த்தி வைத்து, ஒவ்வொரு சுருளின் முனையையும் ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தட்டுங்கள். தட்டொலி வராத சுருள் இணைப்பில் இல்லை.
5. தொடுகைச் சோதனையால் எர்த்தைப் பாருங்கள்.
6. இவற்றால் தீராவிட்டால் மட்டும் மூடியைத் திறந்து, பொட்டின் பெறுமானம், நிற வயர்கள், அவத்தை என்ற ஒழுங்கில் தேடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். இந்த ஆறு படிகளையும் கடந்த பின்னும் ஒலி பிடிக்கவில்லை என்றால், பிக்கப் உங்கள் இரசனைக்கு ஒவ்வாதது என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

இரைச்சலை விடப் பெரியது உயிர்

உறுமலை நிறுத்த அம்பிளிபயர்ப் பிளக்கின் எர்த்தைத் துண்டிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு துளையில் திணிப்பதும், எர்த் வயரைக் கழற்றி விடுவதும் ஒன்றுதான். கிற்றாரின் தந்தி அம்பிளிபயரின் உலோக உடலோடு இணைந்தது. அந்த உடலுக்கு எர்த் இல்லாமல் உள்ளே பழுது ஏற்பட்டால் 230 வோல்ற்று வாசிப்பவரின் விரலுக்கு வரும். 1972 இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற இளம் கிற்றார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். ஈரமணலில் மேடை போடும், ஜெனரேற்றரில் ஒலிபெருக்கி இயக்கும் நமது கரையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். வெறும் காலோடு மேடையேறாதீர்கள். எர்த்தும் டிரிப் ஆளியும் சரிபார்க்காத இடத்தில் வாசிக்காதீர்கள்.

பிக்கப் மாற்றப் போகிற ஒவ்வொருவரையும் மூன்று காரியம் கேட்டுக் கொள்கிறேன். எந்த வயரையும் கழற்றும் முன் உள்ளே இருப்பதைப் படமெடுத்து, தாளிலும் வரைந்து கொள்ளுங்கள். பழைய பிக்கப்பின் தடையை அளந்து எழுதி வையுங்கள். பழையதை விற்றுவிடாமல், புதியது நிலைபெறும் வரை பத்திரமாக வையுங்கள்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். கல்முனை ஸாஹிறாவிலும் கார்மேல் பற்றிமாவிலும் மின்காந்தத் தூண்டலையும் பரிவையும் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு கிற்றாரைத் திறந்து காட்டுங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது; வருடத்தில் ஒரு நாளாவது இசைக் கருவி வைத்திருப்போரை அழைத்து, அளந்து, காரணம் சொல்லிக் கொடுக்கலாம். கருவி பழுதானால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்ற நிலை அப்போது மாறும். மல்டிமீற்றர் பிடிக்கத் தெரிந்த ஒரு கை ஊருக்கு ஒன்று இருந்தால், நமது கிற்றார்கள் நமது ஊரிலேயே குணமாகும்.